காவடிக் குமிழ்

பவுனம்மாளின் வாய் என் புருஷனைப் பிடித்துக்கொண்டது தைப்பூசத்துக்கு முந்தின வாரத்தில். வேறு எந்த வாரமாக இருந்தாலும் இரண்டு நாள் நாறிவிட்டு அடங்கியிருக்கும். காவடிக்கு விரதம் இருக்கிற நேரம். லயத்தில் எல்லோருக்கும் வயிறு காலி, கோபம் மட்டும் நிறைய.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயம் என்றால் கூலிக்காரர் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டி நிற்கிற இடம், அதில் எங்கள் வரிசைக்கு ஒரே குழாய். நான் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தேன். பவுனம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"கண்ணால பார்த்தேன்டி. ஆத்தோரத்துல சீனர் சவப்பெட்டிக் கடை இருக்குல்ல, அது பின்வாசல்ல இருந்து சின்னையா அண்ணன் சாக்கு மூட்டையோட வெளிய வராரு. சாக்கு நிறைய கட்டை. அதுலதான் நமக்குத் தொட்டில் குமிழும் குங்குமச் சிமிழும் கடைஞ்சு குடுக்கிறாங்க. பொணப்பெட்டிக் கட்டை லா!"

குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தொடவில்லை.

"ஏன் பவுனம்மா, நீ எதுக்கு அந்தக் கடைப் பக்கம் போனே? உனக்கு அளவு எடுக்கவா?" என்று கேட்டேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் பவுனம்மாள் சாமர்த்தியக்காரி. "பார்த்தீங்களா, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்றாளா பாருங்க" என்றாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அவள் சொன்னது உண்மை.

என் புருஷன் சின்னையா கடைசல்காரர். காவடித் தண்டுக்குக் குமிழ், வளைவில் தொங்கவிட மொட்டு, தொட்டிலுக்குக் கிளி, பிள்ளைகளுக்குச் சொப்பு என்று கைக்கு அடக்கமான அலங்காரச் சாமான்கள்தான் எங்கள் பிழைப்பு. அதற்கு முழு மரம் தேவையில்லை, நல்ல மரத்தின் துண்டு போதும். இந்த ஊரில் நல்ல மரம் வாங்குகிறவர் தவுக்கே, அந்தச் சவப்பெட்டிக் கடைச் சீன முதலாளி. மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடக்க வேண்டிய மரம் அல்லவா, சொத்தை மரத்தை அவர் தொடமாட்டார். பெட்டிக்கு அறுத்தது போக மிஞ்சுகிற நுனித் துண்டுகளை அடுப்புக்குப் போடுவார். அதைத்தான் சின்னையா கேட்டு வாங்கி வந்தார். பிணம் கிடக்கிற மரம் மண்ணுக்குள் இருக்கிறது. பிணத்துக்கு வேண்டாம் என்று தள்ளிய மரம்தான் எங்கள் கொட்டகையில் இருந்தது. இதில் என்ன தீட்டு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனாலும் நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. மரம் அறுக்கிற மில்லிலேயே தவுக்கே தன் மரத்தின் நுனியில் கறுப்பு மையால் முத்திரை குத்திவிடுவார். ஒரு வட்டம், அதற்குள் மீன்முள் மாதிரி கோடு. கடைசல் பட்டறையில் ஏற்றும் முன் அந்த முத்திரையைச் செதுக்கி அடுப்பில் போடுவது என் வேலை. மரத்துக்குப் பயந்து செய்ததில்லை. லயத்துக்காரர்களை எனக்குத் தெரியும், அதனால் செய்தேன்.

அந்த மரத்தை மில்லிலிருந்து கடைக்கு ஏற்றி வருவது யார் என்றால், பவுனம்மாளின் புருஷன் பக்கிரிசாமியின் மாட்டு வண்டிதான். ஏற்றினால் அவருக்கு வாடகை, இறக்கிய துண்டை எடுத்தால் எங்களுக்குப் பாவம்!

பக்கிரிசாமியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாட்டு வண்டிக்காரர், எங்கள் லயத்துக் காவடிக் கூட்டத்துக்குத் தலைவர். எங்கள் கொட்டகை நிற்கிற நிலமும் அவர் பிடித்து வைத்திருக்கிற நிலம். நாங்கள் வந்தபோது அது முழங்கால் சேறு. சின்னையா ரயில் கரிக்கட்டியைக் கூடை கூடையாகக் கொட்டி மேடாக்கி, பட்டறைக் கால் ஊன்றினார். 'இந்தப் பட்டறை சுத்துற வரைக்கும் இடத்தைக் கேட்கமாட்டேன்' என்று பக்கிரிசாமி அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சேறு மேடான பிறகு அவருக்கு அந்த இடத்தின் மேல் கண் வந்தது. மாடுகளைக் கட்ட வசதியான இடம். ஆனால் சூடம் அணைத்த கை, என்ன சொல்லிக் கேட்பது? பவுனம்மாள் வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் கூட்டம். யார் யாருக்கோ ஆசை ஆசையாகக் கடைந்து கொடுத்த சாமான்கள் திரும்பி வந்து விழுந்தன. கிலுகிலுப்பை, சிமிழ், தொட்டில் கிளி. கையில் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. தூர நின்று எறிந்தார்கள். போன மாதம் என் கையைப் பிடித்துக்கொண்டு 'கிளி ரொம்ப அழகுக்கா' என்று சொன்னவள், அந்தக் கிளியை வாழைச் சருகில் பிடித்துக் கொண்டுவந்து போட்டாள். ஒரு சிமிழ் சின்னையாவின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. அவர் அதை எடுத்து, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் தம்புசாமி வந்தான். ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். அவன் மகளுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, பத்துமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டான். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் காவடியின் குமிழும் மொட்டும் நாங்கள் கடைந்தவை. அவன் எறியவில்லை. காவடியை வாசலில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இதுவும் அந்தக் கட்டையா?"

அவனிடம் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. "ஆமா தம்பி" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமாக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் குத்தியது. மற்றவர்கள் எறிந்ததெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை.

பக்கிரிசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சாமி காரியத்துல விளையாடிட்டியே சின்னையா" என்றார்.

"தப்புதாங்கண்ணே" என்றார் என் புருஷன். யார் எதைச் சொன்னாலும் தப்புதாங்க என்று சொல்கிற மனுஷன். மழை பெய்தால்கூட மன்னிப்புக் கேட்பார்.

"என்ன தப்பு?" என்று நான் கத்தினேன். "தவுக்கே கடைக்கு மரம் ஏத்துறது உங்க வண்டிதானே, அண்ணே? அது மட்டும் சுத்தமா?"

"வண்டி ஏத்தும், இறக்கும். கழுவிவிட்டுத்தான் மாட்டை அவுப்பேன். அந்த மரத்துல ஒரு சிராயைக்கூட நான் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது கிடையாது. நீ சாமிக்குப் போற காவடியில ஏத்திவிட்டிருக்கே."

கூட்டம் தலையாட்டியது. பவுனம்மாள் எல்லோரையும் விடப் பெரிதாக ஆட்டினாள்.

பக்கிரிசாமி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். காவடியில் இருக்கிற பழைய குமிழையும் மொட்டையும் கழற்றிவிட்டு இரண்டு புதுக் குமிழ் மாட்ட வேண்டும். இந்த வட்டாரத்தில் கடைசல் தெரிந்தவர் சின்னையா ஒருவர்தான். ஆகையால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எல்லோர் கண் முன்னாலும் அவரே கடைய வேண்டும். மரத்தைப் பக்கிரிசாமி கொண்டுவருவார். தைப்பூசம் முடிந்ததும் நாங்கள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும்.

"சூடம் அணைச்சுச் சொன்னீங்களே?" என்றேன்.

"சுத்தமா இருக்கிற பட்டறைக்குச் சொன்னேன், நல்லம்மா" என்றார். அந்த முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. மாட்டை எந்தத் தூணில் கட்டுவது என்று அப்போதே யோசித்துக்கொண்டிருந்தார் போல.

அன்று வீட்டுக்குள் நான் என் புருஷனைத் திட்டிய திட்டு அடுத்த லயம் வரை கேட்டிருக்கும். "அவங்க முன்னாடி தப்புதாங்க, தப்புதாங்கன்னு குனிஞ்சீங்களே, நாளைக்குப் பட்டறையைத் தலையில தூக்கிக்கிட்டு எந்தச் சடக்குல, எந்த ரோட்டோரத்துல நிக்கிறது?" என்று கேட்டேன். அவர் திரும்பி வந்த சாமான்களைத் துணியால் துடைத்து ஒரு கூடையில் அடுக்கிக்கொண்டே இருந்தார். "அரக்குப் பூச்சு எங்கயும் பேந்துபோகல, பாரு" என்று மட்டும் சொன்னார். இந்த மனுஷனோடு என்னத்தைப் பேசுவது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் மரம் வந்தது. வந்த தடபுடலைப் பார்க்க வேண்டுமே! மாட்டுக்குக் கொம்பில் பூ. மரத்துக்கு உடம்பு முழுக்க மஞ்சள், நடுவில் பட்டையாக விபூதி. முன்னால் ஒருவன் சங்கு ஊதிக்கொண்டு வந்தான்.

"கிள்ளான்ல மில்லுக்கு நானே போயி, பக்கத்துல நின்னு, புது மரமா அறுக்கச் சொன்னேன்" என்று பக்கிரிசாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒருத்தன் கை படல." பவுனம்மாள் சூடம் காட்டினாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தம்புசாமி ஈரத் துணியோடு கைகூப்பி நின்றான். அவன் மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. காய்ச்சலில் உதிர்ந்த முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

சின்னையா ரம்பத்தை எடுத்து மரத்தின் நுனியை வில்லையாக அறுத்துத் தள்ளினார். நுனியில் வெடிப்பு இருக்கும், அதை எப்போதும் கழித்துவிடுவோம். வில்லை என் மடியில் வந்து விழுந்தது. மேலே அப்பியிருந்த மஞ்சள், ரம்பம் உலுக்கியதில் பொருக்காக உதிர்ந்தது. கட்டைவிரலால் மிச்சத்தைத் தேய்த்தேன்.

கறுப்பு வட்டம். அதற்குள் மீன்முள்.

 கிள்ளானாவது, மில்லாவது! தவுக்கே கடைக்கு ஏற்றிப் போன பாரத்தில் ஒரு கட்டையை உருவி, மஞ்சளைப் பூசிக் கொண்டுவந்துவிட்டார் மகராசன். நாங்கள் எடுத்ததாவது பெட்டிக்கு வேண்டாம் என்று தள்ளியது. இது பெட்டிக்கென்றே போன மரம். அதற்குத்தான் இப்போது சங்கு, சூடம்.

நிமிர்ந்தேன். என் புருஷனும் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்வை என்னிடம் கெஞ்சியது. பிறகு என்னை விட்டுவிட்டு தம்புசாமியின் பக்கம் போனது, அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் பக்கம் போனது.

வாயைத் திறந்தால் போதும். பக்கிரிசாமியின் தலைமை, பவுனம்மாளின் வாய், எல்லாம் அந்த வாசலிலேயே மண்ணாகிவிடும். கொட்டகை எங்களுக்குத் தங்கும். ஆனால் விடிந்தால் தைப்பூசம். வேறு மரத்துக்கு எங்கே போவது? குமிழ் இல்லாத காவடியைக் கூட்டம் தூக்க விடாது. நேர்த்திக்கடன் தவறினால் அந்தத் தகப்பன் பிள்ளை தும்மினாலும் செத்துப் பிழைப்பான். என் நியாயத்துக்கு அவன் ஏன் வேக வேண்டும்? தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். என் வாழ்நாளில் அத்தனை கசப்பான ஒன்றை நான் விழுங்கியதில்லை. வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வாரைப் பிடி" என்றார் சின்னையா.

கடைசல் இரண்டு பேர் வேலை. கட்டையை இரண்டு முளைக்கு நடுவில் மாட்டி, தோல் வாரைச் சுற்றி, இரண்டு நுனியையும் நான் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒரு இழுப்பில் கட்டை அவர் பக்கம் சுழலும், அப்போது உளி கடிக்கும். மறு இழுப்பில் எதிர்ப்பக்கம் சுழலும், அப்போது உளி பின்வாங்க வேண்டும். என் கோபம் வாரில் இறங்கினால் உளி துள்ளும். அவர் பெருவிரலில் ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் என் மாமியார் மேல் இருந்த ஆத்திரத்தில் நான் இழுத்த இழுப்பு அது.

அன்று என் கையில் இருந்த ஆத்திரத்துக்கு அவர் விரலே போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். "மெல்ல" என்றார் உளிக்கு மேல் குனிந்தபடி. பிறகு யாருக்கும் கேட்காமல், "புள்ளைக்காக" என்றார். கை தானாக நிதானத்துக்கு வந்தது. மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்தது. குமிழ் உருண்டு வந்தது, கழுத்து இறங்கியது. சுழல்கிற கட்டையில் சிவப்பு அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினார். சூட்டில் அரக்கு இளகிப் பரவியது. தாழை மடலால் தேய்த்ததும் பளபளவென்று மின்னியது.

"பார்த்தீங்களா, சுத்தமான மரம்னா அதோட மினுக்கே வேற" என்றாள் பவுனம்மாள்.

கூட்டம் ஆமாம் போட்டது. நான் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று விடியும் முன்பே புறப்பட்டோம். பத்துமலை அடிவாரத்தில் ஆற்றில் குளித்து, தம்புசாமி தோளில் காவடி ஏறியது. எங்கள் குமிழ் இரண்டும் வெயிலில் சிவந்து மின்னின. பக்கிரிசாமி இடது தோளில் பெரிய வேலாயுதத்தைச் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தார். "வெற்றிவேல்!" என்று அவர் கத்தினால் கூட்டம் பதில் கத்தியது. எங்களைக் கூட்டத்தின் வாலில் வரச் சொல்லியிருந்தார். சின்னையா அப்படியே வாலில் நின்றுகொண்டார். நான் நிற்கவில்லை. இடித்துப் பிடித்து ஏறி, குகைக்கு ஏறுகிற மரப்படி முடிவதற்குள் பக்கிரிசாமியின் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

குகைக்குள் நசுக்குகிற கூட்டம், சாம்பிராணிப் புகை. தம்புசாமி சந்நிதி முன் காவடியை இறக்கினான். பால் ஊற்றினார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்டி, குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. 'உனக்குத் தெரியாத மரமா, முருகா?' என்று கேட்டேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பூசாரி விபூதித் தட்டோடு வந்தார். கூட்டத் தலைவருக்குத்தான் முதலில். பக்கிரிசாமி வேலை இடது கையில் அணைத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். பூசாரி விபூதியை எடுப்பதற்குள் நான் முந்தானையை அவிழ்த்து, வில்லையை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

"உங்க சாமான், அண்ணே. எங்க வாசல்ல விட்டுட்டுப் போயிட்டீங்க."

அவர் குனிந்து பார்த்தார். கறுப்பு வட்டம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி வண்டியாக ஏற்றியவருக்கு அது என்ன என்று சொல்ல ஆள் வேண்டுமா? டக்கென்று விரல்களை மூடிக்கொண்டார். முகத்தில் பூசியிருந்த விபூதியும் முகமும் ஒரே நிறமாகிவிட்டன.

"கையைத் திறங்க" என்றார் பூசாரி.

அவர் திறக்கவில்லை. திறந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே போட்டால் சாமி காலடியில் விழும். இடது கையில் வேல். அதை விடவும் முடியாது, இடது கையில் விபூதி வாங்கவும் முடியாது. பூசாரி விபூதியை விரலில் எடுத்தபடி நின்றார்.

நான் பக்கிரிசாமியின் காதோரம் கேட்டேன். "கொட்டகையை என்னைக்குக் காலி பண்ணணும், அண்ணே?"

 "இருந்துக்கிங்க" என்றார். மூச்சுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

"என்னண்ணே, சத்தமா சொல்லுங்க. சூடம் எரியுது, அதுக்கும் கேக்கட்டும்."

"பட்டறை சுத்துற வரைக்கும் இருந்துக்கிங்க!" என்று கத்திவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சந்நிதியில் நின்று மனம் இளகிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது. தட்டு என் பக்கம் திரும்பியது. நான் கையை நீட்டி விபூதி வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். சின்னையாவுக்கும் ஒரு சிட்டிகை முடிந்துகொண்டேன்.

பக்கிரிசாமி விபூதி இல்லாமல், மூடிய கையோடு, மலை இறங்கினார். பவுனம்மாள் அவர் பின்னாலேயே போனாள். அந்த வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, சாமி குடுக்கிறதை வாங்காம, கையில அப்படி என்னத்தை வச்சிருக்கீங்க? ஏங்க, காட்டுங்களேன். இவ்வளவு பேரு பாக்கிறாங்க, அப்படி என்னங்க அது?"

மரப்படி முழுக்க அவள் கேட்டுக்கொண்டே போனாள்.